அச்சு மை பட்டால் கலை தீட்டாகிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் கலைக் கண்காட்சியில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. வெட்டி ஒட்டி அச்சகத்தில் கொடுத்து வாங்கியதெல்லாம் ஓவியமா என்று, அச்சுப் படம் ஒன்றை அங்கே வைத்திருந்த இளம் கலைஞனான பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சிறப்பு விருந்தினர் கேட்டார். அரங்கமும் கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் எனக்கு அதிகம் வலித்தது.

தேயிலை பறித்து வாழ்ந்த அந்தப் பையனுடைய பாட்டியின் ஸ்டுடியோ புகைப்படம், அவருடைய சம்பளச் சீட்டு, கிழிந்த தேயிலைப் பொட்டல உறை ஆகிய மூன்றையும் ஒட்டிப் படமெடுத்து, புள்ளிகளாகப் பிரித்து, மை ஊடுருவும் வலைத்துணி கட்டிய நான்கு திரைகளில் நான்கு நிறமாக அச்சிட்டிருக்கிறான். கிட்டே போனால் பாட்டியின் முகம் வெறும் புள்ளிகளாகக் கரைந்துவிடும். நான்கடி பின்னால் வந்தால் அவர் நம்மைப் பார்ப்பார். ஊட்டி மழைக்காலத்தில் படத்தைத் திரையில் பதிக்கப் பூசும் எமல்ஷன் என்ற ஒளியுணர் பூச்சு லேசில் காயாது. ஒரு நிறம் நூலளவு விலகினாலும் அந்தத் தாள் வீண்.

இயந்திரம் தொட்டதாலேயே கலை கலையாக இல்லாமல் போகாது. பத்திரிகைப் புகைப்படங்களைப் பட்டுத்திரை வழியாக கேன்வாஸில் அச்சிட்ட அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க்குக்கு 1964-இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஓவியத்துக்கான பெரும்பரிசு கிடைத்தது. வெளிநாட்டுக் கதை எதற்கு என்பீர்கள். 1894-இல் மும்பையில் ரவிவர்மா அச்சுக்கூடம் தொடங்கிய பிறகுதானே, அரண்மனைச் சுவர்களில் இருந்த அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் எளியவர்கள் வீட்டுக்கும் வந்தார்கள்? கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பவர்கள் செய்து காட்டட்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று சிலர் கேட்கலாம். பிலிமும் போட்டோ தாளும் தயாரித்த, 1967-இல் உற்பத்தி தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் என் அப்பா வேலை பார்த்தார். வெளிச்சம் பட்டால் பிலிம் பாழாகும் என்பதால், பகலெல்லாம் இருட்டில் நின்று விரல்களால் பார்த்தவர் அவர். வீட்டில் கரண்ட் போனால் தடுமாறாமல் போய்த் தீப்பெட்டியை எடுத்து வருவார். அந்தப் பையன் பாட்டியின் படத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அப்பா அதைத் திருப்பி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "இது நம்ம பேப்பர்ப்பா" என்றார். பாட்டியின் முகத்தை இத்தனை வருடம் தாங்கியிருந்ததே ஒரு தொழிற்சாலைத் தாள்தான். அதிலிருந்து தொழிற்சாலையைப் பிரித்தால் பாட்டி எங்கே மிஞ்சுவார்?

பிரதி எடுத்துக்கொண்டே போகலாமே, மதிப்பு என்ன என்கிறார்கள். அவன் அச்சிட்டது பன்னிரண்டே தாள், எண் போட்டுக் கையெழுத்துடன். ஆனால் பன்னிரண்டாயிரம் அச்சிட்டிருந்தாலும் இதையேதான் நான் சொல்லியிருப்பேன்.

அரங்கம் கைதட்டியபோது, நகக்கண்ணில் மை ஏறிய விரல்களை அவன் மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான். முன்வரிசையில் இருந்த நான் அதைப் பார்த்தேன்.