எல்லைக்கு இப்பக்கம் ஒரு விதி, அப்பக்கம் ஒரு விதி
2021-இல் கொரோனா ஊரடங்கைத் தளர்த்திவிட்டோம் என்றார்கள். யாருக்கு, எந்த அளவுக்கு என்பதைத்தான் எல்லையோரத்தில் வாழும் எங்களுக்கு ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை. கேரளத்திலிருந்து தமிழகத்திற்குள் நுழைய, 72 மணி நேரத்திற்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் சோதனையில் கொரோனா இல்லை என்ற சான்றிதழோ, இரண்டு தவணை கொரோனா தடுப்பூசி போட்டு 14 நாள் ஆனதற்கான சான்றிதழோ வேண்டும் என்று 2021 ஆகஸ்ட் 5 முதல் விதி வந்தது. அதே வாரத்தில் கேரள அரசோ, ஒரு தவணை போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தாலே கடைக்குப் போகலாம் என்றது. ஆக, கேரளப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் மளிகை வாங்கப் போதுமான சான்றிதழ், தமிழக எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடியில் செல்லவில்லை.

கோவிஷீல்டு தடுப்பூசியின் இரண்டாம் தவணைக்கு 84 நாள் காத்திருக்கச் சொன்னதும் அரசுதானே? அதுவரை பொள்ளாச்சி மண்டிக்குத் தினக்கூலிக்குப் போனவர் சோதனைக்காக மூன்று நாளுக்கொரு முறை மூக்கில் குச்சி விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வெயிலில் தெரியாத கைபேசித் திரையைக் கையால் மறைத்து, சான்றிதழின் தேதியைத் தேடித் தடுமாறிய முதியவர்களைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. (காவலர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கே நேற்றைய ஆணை எது, இன்றைய ஆணை எது என்று தெரியவில்லை.) சோதனை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இரு மாநில அதிகாரிகளும் கலந்து பேசி, அன்றாடம் எல்லை கடப்பவர்களுக்கென ஒரே விதியை வகுத்து, தமிழிலும் மலையாளத்திலும் சாவடியில் எழுதி வைக்க வேண்டும் என்றுதான் கேட்டோம்.