ஐஸ்ல வச்சிட்டா எதுவும் கெடாதுன்னு யாரு சொன்னா?

‘ஐஸ்லதான வச்சிருக்கோம், என்ன ஆயிரப்போவுது?’ இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோவம் வருது. பாளையங்கோட்டையில இருந்து உவரி வரைக்கும் எந்தச் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான்.

ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாதுங்க. மைனஸ் 18 டிகிரியில அது வளராமக் கிடக்கும், அவ்வளவுதான். வெளிய எடுத்து இளகவிட்டா திரும்பப் பெருக ஆரம்பிச்சிரும்.

எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை ரெண்டு கிலோ சீலா மீன் வரும். கழுவின தண்ணிகூட வடியாம, அத்தனையும் ஒரே கறுப்பு கவர்ல போட்டு, ஒரு முடிச்சுப் போட்டு உள்ள தள்ளிருவாங்க. அவ்வளவு பெரிய கட்டி நடு வரைக்கும் உறையவே நேரமாகும். மெதுவா உறைஞ்சா மீனுக்குள்ள இருக்குற தண்ணி பெரிய பெரிய ஐஸ் துண்டாகி சதையைக் கிழிச்சிரும். அப்புறம் குழம்புல போட்டா பஞ்சு மாதிரிதான் இருக்கும். கவர்ல காத்து நின்னா ஓரமெல்லாம் வெள்ளையா வறண்டு போவும். கடைசியில மீன்காரர் ஏமாத்திட்டாருன்னு அவருக்கு ஏச்சு!

புதன்கிழமை அந்தக் கட்டியை அப்படியே எடுத்து சிங்க் பக்கத்துல வைப்பாங்க. காலையில வச்சா மத்தியானம் வரைக்கும் கிடக்கும், அதுவும் சித்திரை வெயில்ல. தொட்டுப் பாத்தா மேல கொழகொழன்னு இருக்கு, நடுவுல இன்னும் கல்லு. இந்த வெக்கையில மீனும் கறியும் ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்கவே கூடாது. பாதியை ஆக்கிட்டு மீதியைத் திரும்பவும் ஃப்ரீசர்ல வைக்கிறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு வயிறு எரியுது. ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வச்சு இளகுனதுன்னாகூடப் பரவால்ல.

“ராத்திரியே எடுத்து ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வச்சிருங்க அத்தை”ன்னு சொன்னா, “நாங்கள்லாம் அந்தக் காலத்துல இப்படியா பாத்தோம்?”னு கேக்காங்க. அந்தக் காலத்துல ஏது ஃப்ரிட்ஜ்? அன்னைக்கு வந்த மீனை அன்னைக்கே ஆக்குனாங்க. மிஞ்சுனா உப்புப் போட்டுக் கருவாடாக்குனாங்க. நம்மளைவிட அவங்க கவனமாத்தான் இருந்திருக்காங்க.

சாளையும் சூரையும் இன்னும் மோசம். வெக்கையில கிடந்தா அந்த மீன்ல ஹிஸ்டமின்னு ஒரு நச்சுப் பொருள் உண்டாயிரும். ஐஸ்ல வச்சாலும் போவாது, கொதிக்க வச்சாலும் போவாது. சாப்பிட்டா மூஞ்சி செவந்து, தடிச்சு, தலைவலி வரும். உடனே ‘மீன் சூடு’ன்னு ஒரு பேரு வச்சிருவாங்க.

கரண்ட் போனா அடுத்த கூத்து. நிறைஞ்ச ஃப்ரீசரைத் திறக்காம வச்சா சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதிதான் இருந்தா 24. ஆனா நிமிஷத்துக்கொருக்க ‘உருகிட்டா?’ன்னு திறந்து பாக்குறதே வேலை. 2023 டிசம்பர் வெள்ளத்துல கரண்ட் இல்லாமக் கிடந்த ஊருதான இது? அதுக்கப்புறமுமா தெரியல?

ஒட்டிக்கிட்ட கவரைக் கத்தியால குத்தி எடுக்குறதைச் சொல்லவே வேண்டாம். ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜ்ல அந்த ஃப்ரீசர் தகட்டுக்குள்ளதான் குளுர வைக்கிற கேஸ் ஓடுது. ஓட்டை விழுந்தா மெக்கானிக்குக்குத்தான் தண்டம் அழணும்.

ஒரு வேளைக்கு வேண்டியதைத் தனித்தனியா எடுத்து, தண்ணி ஒத்தி, தட்டையாப் பரப்பி, காத்தை அமுக்கி வெளியேத்தி, மேல தேதி எழுதி வைக்கணும். கால் மணி நேர வேலை. அதுக்கு யாருக்கும் நேரமில்லன்னா ஞாயித்துக்கிழமை மீன் கவரை என் கையில குடுங்க. நான் கட்டி வைக்கிறேன், வேற யாரும் தொட வேண்டாம்.