கேட்டைத் தாண்ட 40 நாள்

தெருவில் நடக்கப் பயப்படும் எங்கள் நாய் பொம்மியைப் பார்த்து எதிர் வீட்டு அண்ணன் நேற்று மறுபடியும் சொன்னார். "தம்பி, ரொம்பச் செல்லம் குடுக்கறீங்க. நாய்னா இழுத்துட்டுப் போகணும். ரெண்டு நாள் இழுத்தா மூணாம் நாள் தானா வரும்."

வரும்தான், இல்லை என்று சொல்லவில்லை. வாலைத் தொடைக்கு நடுவே செருகிக்கொண்டு, காதைப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டு, வயிறு தரையில் உரசுகிற மாதிரி பம்மியபடி வரும். அதைத்தான் ஊரில் 'பழகிடுச்சு' என்கிறார்கள். முரண்டு பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அது கைவிட்டுவிட்டது, அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் முதல் வாரம் முழுக்க நானும் தரதரவென்று இழுத்தவன்தான். அந்த உறுத்தலில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பொம்மி காப்பகத்திலிருந்து வந்தவள். நாட்டு நாய், இரண்டு வயது இருக்கலாம், கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதில் ஒரு சின்ன வெட்டு. வீட்டுக்குள் தங்கம். அம்மா குக்கரைத் திறந்தால் அடுப்படி வாசலில் ஆஜர். ஆனால் தெருக் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் சிலையாகிவிடுவாள். நாய்க்குட்டிக்கு ஏறத்தாழ 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைதான் உலகத்தோடு சகஜமாகிற காலம். அப்போது பார்த்த ஆள், கேட்ட வண்டிச் சத்தம் எல்லாம் பிறகு பெரிதாகத் தெரியாது. அந்த வயதில் பொம்மி எங்கே, எப்படி இருந்தாள் என்று சொல்ல ஆளில்லை. இங்கே பம்மலில் தலைக்கு மேல் விமானம் வேறு.

ஆறாம் நாள் காலை. குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு முனை திரும்பியது. பொம்மி பின்னால் இழுத்தாள், நான் முன்னால் இழுத்தேன். அடுத்த நொடி கழுத்துப் பட்டை வெறுமனே என் கையில் தொங்குகிறது, அவள் யாரோ நிறுத்தியிருந்த காருக்கு அடியில். ஆபீஸ் சட்டையோடு ரோட்டில் குப்புறப் படுத்து ஒரு மணி நேரம் கெஞ்சினேன். கடைசியில் அம்மா கொண்டுவந்த ஈரல் துண்டுதான் என் மானத்தைக் காப்பாற்றியது. நாட்டு நாய்க்கும் சிப்பிப்பாறைக்கும் தலை ஒடுக்கம். பின்வாங்கினால் பட்டை காது வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப் பட்டை ஒன்று, இரண்டுக்கும் சேர்த்துக் கயிறு. பட்டன் அமுக்கினால் நீண்டு சுருளுகிற லீஷை மட்டும் பயந்த நாய்க்கு வாங்காதீர்கள். கைப்பிடி நழுவி விழுந்தால் அந்தப் பிளாஸ்டிக் டப்பா தடதடவென்று நாயையே துரத்திக்கொண்டு போகும்.

அப்புறம் எல்லாவற்றையும் ஹாலிலிருந்து மறுபடி தொடங்கினேன். ஹார்னஸை மாட்டிச் சோறு வைப்பது, கயிற்றைக் கோத்து வீட்டுக்குள்ளேயே இழுபடவிடுவது. கொக்கி மாட்டும்போது வருகிற 'க்ளிக்' சத்தத்துக்குக்கூட முதலில் திடுக்கிட்டாள். க்ளிக், உடனே ஈரல். க்ளிக், உடனே ஈரல். நாலாம் நாள் க்ளிக் என்றதும் என் பாக்கெட்டைப் பார்த்தாள். இதில் வரிசை முக்கியம். சத்தம் முதலில், தீனி பிறகு. மாற்றிக் கொடுத்தால் 'இந்த ஆள் ஈரலை எடுத்தாலே ஏதோ வரப்போகிறது' என்று ஈரலைக் கண்டும் பயப்படும்.

கேட்டுக்கு உள்ளே முக்காலி போட்டு உட்கார்ந்த நாட்கள்தான் அதிகம். தெருவை அவள் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது எல்லாம் தூக்கத்தாலும் பசியாலும் என்று நினைத்திருந்தேன். பதற்றத்திலும் நாய் அதைச் செய்யும். நீட்டிய ஈரலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லையென்றால் அன்றைய பாடம் முடிந்தது, உள்ளே போய்விடுவோம். ஒரே நாளில் பைக், விமானம், குரைக்கிற தெருநாய் என்று மூன்று பயம் சேர்ந்துவிட்டால் மறுநாள் லீவு. இப்படி 40 நாள். 41ஆம் நாள் அவளாகவே முன்காலைச் சாக்கடை மூடியின் மேல் வைத்தாள். எதிர் வீட்டு அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் சுத்தமாக நம்பிக்கை இல்லை. பயம் என்ன நாம் கற்றுக்கொடுத்த வித்தையா, பாராட்டினால் மறுபடி செய்துகாட்ட? பொம்மி என் முழங்காலில் வந்து ஒட்டினால் நான் கை வைப்பேன். நன்றாக நடந்துகொண்டிருந்த நாய் திடீரென்று வர மறுத்தால் விஷயம் வேறு. எங்காவது வலி இருக்கலாம், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பயம் மிஞ்சிப்போனால் அதற்கும் மருந்து தருகிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தெருவுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் பற்றி உத்தரவு போட்டதிலிருந்து எந்த நாயைக் கண்டாலும் சிலருக்கு முகம் மாறுகிறது. எல்லாரையும் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது வீட்டுப் பெண் குழந்தை ஸ்கூலுக்குப் போகும்போது பொம்மியைப் பார்த்து அப்படியே நின்றுவிடும். பொம்மியும் நின்றுவிடுவாள். நான்தான் கயிற்றைச் சுருட்டிப் பிடித்து எதிர்ச்சாரிக்குப் போவேன். அது என் வேலை. ஆனால் சும்மா நடந்து போகிற நாய்க்குப் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்துச் சிரிக்கிற பைக் பையன்களை என்ன சொல்வது?

தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க அரசு காலை ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம் என்று குறித்துக் கொடுக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். பொம்மி கட்டிலுக்கு அடியில், நான் மறுபடி முக்காலியில். ஆனால் இந்த முறை 9 நாளில் வெளியே வந்துவிட்டாள்.

இப்போது விடியற்காலை ஐந்தரைக்கு டிரான்ஸ்ஃபார்மர் வரை போகிறோம். நடை என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு கம்பத்தையும் பேப்பர் படிப்பதுபோல முகர்ந்து முடிக்க இருபது நிமிஷம். அதற்கு அந்தப் பக்கம் மாவு மில். மெஷின் ஓடாதபோதுகூட அந்த ஷட்டரைக் கண்டால் ஆகாது அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. ஈரல் வாங்கி வைத்திருக்கிறேன், பார்ப்போம்.