சுவரைத் தொடும் முன் டேப்லெட்டில் தீர்க்க வேண்டியவை

சத்துவாச்சாரியில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுப்பதும், வேலூர், காட்பாடி, ஆர்க்காடு பக்கங்களில் பள்ளிகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் உணவகங்களுக்கும் சுவரோவியம் தீட்டுவதும் என் தொழில். ஆகவே, இரண்டு கேள்விகள் ஓயாமல் என்னிடம் வருகின்றன. பெற்றோர்கள், “பொண்ணு நல்லா வரையறா, ஐபேட் வாங்கித் தரலாமா சார்?” என்று கேட்கிறார்கள். என்னோடு தொழில் பழகிய மூத்த ஓவியர்களோ, “டேப்லெட்டுல வரையறதெல்லாம் ஓவியமாப்பா?” என்கிறார்கள். இரு தரப்பினரும் டேப்லெட்டை முழுப் படம் வரைந்து முடிப்பதற்கான கருவியாகவே பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் அதன் பெரும்பயன், தூரிகையை எடுப்பதற்கு முன்னால் எடுத்தாக வேண்டிய முடிவுகளை மலிவாகவும் பலமுறையும் எடுத்துப் பார்க்க வழி செய்வதில்தான் இருக்கிறது.

ஒரு பள்ளிச் சுவரை எடுத்துக்கொள்வோம். நீளம் 20 அடி, உயரம் 10 அடி. வரைதல் செயலியில் 4000க்கு 2000 பிக்சல் அளவில் ஒரு கேன்வாஸ் திறந்தால், சுவரின் ஓர் அடி திரையில் 200 பிக்சல் ஆகிறது. வரைதல் வழிகாட்டியில் இருபரிமாணக் கட்டத்தைத் தேர்ந்து, கட்டத்தின் அளவையும் 200 என்று வைத்துவிட்டால், திரையில் தெரியும் ஒவ்வொரு சதுரமும் சுவரில் நாம் நூல் அடித்துப் பிரிக்கப்போகும் ஓர் அடிச் சதுரத்துக்குச் சமம். இதற்கு மேல் கணக்கு எதுவும் தேவையில்லை. அடுத்து, சுவரை நேரில் எடுத்த புகைப்படத்தை எல்லாவற்றுக்கும் கீழே உள்ள லேயரில் வைக்கிறேன். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் போன்றது; ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வரையலாம், மறைக்கலாம். குறுகலான சந்துகளில் நின்று எடுக்கும் படம் எப்போதும் ஒருபக்கம் சாய்ந்தே வரும் என்பதால், நான்கு மூலைகளையும் இழுத்துக் கேன்வாஸின் மூலைகளோடு பொருத்தி நேராக்க வேண்டியிருக்கிறது. அதன் மேல் வண்ண லேயரை ‘மல்டிப்ளை’ என்ற கலப்பு முறையில் வைத்தால், பூச்சின் மேடு பள்ளமும், மழைத்தண்ணீர் வழிந்த கறையும், ஜன்னலின் நிழலும் வண்ணத்தினூடே தெரியும். சுவிட்சுப் பெட்டி யானையின் கண்மீது வந்து உட்காருமா, தண்ணீர்க் குழாய் ஆற்றின் நடுவே இறங்குமா என்பதெல்லாம் சாரம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். அந்தச் சுவரில் என்னென்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இதே கோப்பில் இன்னொரு லேயரில் மூன்றரை அடி உயரத்தில், அதாவது 700 பிக்சலில், ஒரு குழந்தையின் உருவத்தை வெறும் நிழலாக வரைந்து வைப்பது என் வழக்கம். தொடக்கப் பள்ளிச் சுவருக்குத் திட்டமிடும் பெரியவர்கள் தம் கண்மட்டத்தில் அடிவானக் கோட்டைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், அந்த வராந்தாவில் தினமும் நடக்கப்போகும் பிள்ளைக்குப் படத்தின் சுவையான பகுதியெல்லாம் தலைக்கு மேலே போய்விடும். நிழலுருவத்தைச் சுவரோரமாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தால், பூனையை எந்த உயரத்தில் உட்கார வைப்பது, திருக்குறளை எந்த உயரத்தில் எழுதுவது என்பது தானே விளங்கும்.

திட்டமிடும் கட்டத்தில் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது, பெரிதாக்கிப் பார்க்கும் வசதி. இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போய் மயிலின் தோகையில் ஒவ்வொரு இழையையும் வரைந்துவிடலாம். ஆனால் 15 அடி தள்ளி நிற்பவருக்கு அந்த இழை தெரியாது, அதற்குள் முழுப்படத்தின் நடையும் கையை விட்டுப் போயிருக்கும். ஆகவே என் மாணவர்களுக்கு முதல் மூன்று வரைவுகளை உள்ளங்கை அளவிலேயே, தடித்த தூரிகையால் மட்டுமே போடச் சொல்கிறேன். பெரிதாக்கியே தீர வேண்டிய நேரத்தில், முழுப்படத்தையும் சிறு சாளரத்தில் காட்டும் ‘ரெஃபரன்ஸ்’ வசதியைத் திறந்துவைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஆபத்து, ‘அன்டூ’. புரோகிரியேட் என்ற ஐபேட் வரைதல் செயலியில் இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினால் கடைசிக் கோடு மறையும். 250 படிகள் வரை பின்னோக்கிப் போகலாம். படத்தை மூடிக் கேலரிக்குத் திரும்பினால் அந்த வரலாறு முழுவதும் அழிந்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அது அழிவதுகூட எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. அழித்துக்கொண்டே இருக்கிற கை எந்தக் கோட்டையும் துணிந்து போடுவதில்லை. பிடிக்காத வரைவை அழிக்காமல் மறைத்துவைத்துவிட்டு, புதிய லேயரில் மறுபடி தொடங்குவதே திட்டமிடலுக்கு ஏற்ற பழக்கம். நாலாவது வரைவு தேறாதபோது முதல் வரைவின் இடப்பக்கத்தை எடுத்துக்கொள்ள நேர்வது உண்டு. அழித்திருந்தால் அது கிடைத்திருக்காது.

வண்ணத்தைப் பொறுத்தவரை, டேப்லெட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. திரை ஒளியை உமிழ்கிறது. சுவர் ஒளியை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. திரையில் கொழுந்துவிட்டு எரியும் ஆரஞ்சுக்கும் மின்னும் நீலத்துக்கும் நிகரான எமல்ஷன் எந்தக் கடையிலும் கிடைக்காது. இதற்கு நான் கைக்கொள்ளும் வழி எளியது: பெயின்ட் கடையின் ஷேடு கார்டைக் காலை வெளிச்சத்தில் படமெடுத்து, அதிலிருந்து இந்த வேலைக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு வண்ணங்களை மட்டும் செயலியின் வண்ணத்தட்டில் சேமித்து, அதைத் தாண்டி வெளியே போகாமல் இருப்பது. சுவர் மேற்குப் பார்த்ததாக இருந்தால் இன்னொரு கவனமும் வேண்டும். வேலூர் வெயிலில் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் சீக்கிரமே வெளுத்துப்போகின்றன. செங்காவி, மஞ்சட்காவி போன்ற இரும்பு ஆக்சைடு வண்ணங்கள் தாக்குப்பிடிக்கும். எனவே பரந்த இடங்களைக் காவி வகைகளுக்கும், மறுபூச்சுக்கு எளிதில் எட்டும் சிறு இடங்களைப் பளிச்சிடும் வண்ணங்களுக்கும் ஒதுக்கித் திட்டமிடுகிறேன். அச்சுக்குப் போகும் படமாக இருந்தால் கேன்வாஸைத் திறக்கும்போதே அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே வண்ண முறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஏ3 தாளை 300 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அச்சிட 3508க்கு 4961 பிக்சல் தேவை. கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாக லேயர்களின் எண்ணிக்கை குறையும் என்பதையும், அது டேப்லெட்டின் நினைவகத்தைப் பொறுத்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வண்ணத்துக்கும் முந்தையது ஒளி நிழல். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் இருக்கும் கல்யாண மண்டபம், விஜயநகரக் காலச் சிற்பிகளின் கைவண்ணம்; முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகளும் யாளிகளும் வீரர்களும் ஒரே கல்லில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும் தூண்கள் அங்கே இருக்கின்றன. மாணவர்களை அங்கே அழைத்துப்போய் உட்கார வைத்தால், முதலில் யாளியின் பற்களை எண்ணத் தொடங்குவார்கள். டேப்லெட்டில் அந்தப் பழக்கத்தை உடைக்க முடிகிறது. மூன்றே சாம்பல் நிறங்களைக் கொடுத்து, தூணின் இருண்ட பகுதி முழுவதையும் ஒரே பூச்சில் அடைக்கச் சொல்கிறேன். குதிரையின் வயிற்றுக்கு அடியில் இருக்கும் இருட்டும், வீரனின் கேடயத்துக்குப் பின்னால் இருக்கும் இருட்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பெரிய வடிவமாக நிற்பதை அப்போதுதான் கண்டுகொள்கிறார்கள். வண்ணம் தீட்டிய பிறகும் இதைச் சோதிக்கலாம்: எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயரைக் கறுப்பால் நிரப்பி அதன் முறையை ‘கலர்’ என்று மாற்றினால், படம் முழுவதும் சாம்பல் நிறமாகிவிடும். அந்த நிலையில் யாளியும் பின்னணியும் ஒன்றோடொன்று கலந்து மறைந்துபோனால், எவ்வளவு அழகான பச்சையைப் பூசியிருந்தாலும் திட்டம் தேறவில்லை என்று பொருள்.

சமச்சீர்க் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோலத்துக்கும் மணமேடை அலங்காரத்துக்கும் அது வரப்பிரசாதம். கால் பங்கை வரைந்தால் மீதி முக்காலும் தானே வந்துவிடும். கோயில் தூணுக்கோ மனித முகத்துக்கோ அதைப் போட்டால் படம் செத்துவிடுகிறது. சிற்பி உளியால் செதுக்கிய யாளியின் இரண்டு பக்கமும் நூல் பிடித்தாற்போல் இருப்பதில்லை.

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் நம் ஓவியர்களுக்கு இன்னொரு பாடசாலையும் உண்டு. ஆம்பூர்ப் பக்கம், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், மலையாம்பட்டு அருகே ஆர்மாமலைக் குகையில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஓவியங்கள் இருக்கின்றன. பெரும்பகுதி அழிந்து, தாமரையும் உருவங்களும் துண்டு துண்டாகவே எஞ்சியிருக்கின்றன. அதுபோன்ற சிதைந்த ஓவியம் ஒன்றின் புகைப்படத்தை அடியில் வைத்து, கண்ணுக்குத் தெரியும் கோட்டைச் செங்காவி நிறத்தில் ஒரு லேயரிலும், இப்படி இருந்திருக்கலாம் என்று நாம் ஊகிக்கும் கோட்டை நீல நிறத்தில் வேறொரு லேயரிலும் வரைந்து பார்ப்பது மிக நல்ல பயிற்சி. நீல லேயரை மறைத்தால் உள்ளது மட்டும் நிற்கும். காட்டினால் நம் ஊகமும் சேர்ந்து தெரியும். மூலத்தில் ஒரு தூசியைக்கூடத் தொடாமல் பழைய ஓவியனின் கோட்டமைப்பை ஆராய இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இனி மூத்தவர்களின் கேள்விக்கு வருகிறேன். டேவிட் ஹாக்னி என்ற பிரிட்டிஷ் ஓவியர் எழுபது வயதைத் தாண்டிய பிறகுதான் ஐபேடில் வரையத் தொடங்கினார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 2018ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை அவர் வடிவமைத்தது ஐபேடில்தான். அதைக் கண்ணாடியில் வெட்டி, சேர்த்து, பொருத்தியவர்கள் கைவினைஞர்கள். திரையில் திட்டம், கண்ணாடியில் ஓவியம் என்ற இந்தப் பிரிவினை எந்தக் கலைஞரின் மதிப்பையும் குறைத்துவிடவில்லை. டேப்லெட்டில் வரைவதையும், வாக்கியம் எழுதிக் கொடுத்தால் படம் கக்கும் செயற்கை நுண்ணறிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலிருந்து 2011இல் வெளிவந்த புரோகிரியேட்டின் நிறுவனமே, தன் செயலிகளில் அப்படிப்பட்ட வசதியைச் சேர்ப்பதில்லை என்று 2024 ஆகஸ்டில் பகிரங்கமாக அறிவித்தது. இந்தச் செயலிகளில் கோணல் கோடு போட்டால் கோணல் கோடுதான் விழும். சித்திரமும் கைப்பழக்கம் என்பது அங்கேயும் அப்படியே செல்லுபடியாகிறது.

பெற்றோர்களுக்கான பதில் சுருக்கமானது. தாளில் ஒரு குடத்தையும் நாற்காலியையும் பார்த்து ஓரளவு சரியாக வரையத் தெரியாத பிள்ளைக்கு ஐபேட் வேண்டாம்; அரசுத் தொழில்நுட்ப ஓவியத் தேர்வை எழுதும் எண்ணம் இருந்தால் அதுவும் பென்சிலும் தாளும்தான் கேட்கும். வரையத் தெரிந்த பிள்ளைக்கு வாங்குவதானாலும், புரோகிரியேட் ஐபேடில் மட்டுமே ஓடும் என்பதற்காகக் கடன்பட வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் கிரிட்டா, ஐபிஸ் பெயின்ட், ஸ்கெட்ச்புக் என்று திட்டமிடலுக்குப் போதுமான செயலிகள் இருக்கின்றன. கிரிட்டா முழுக்க இலவசம், திறந்த மூல மென்பொருள். பணத்தைச் செலவிட வேண்டிய இடம் பேனா. அழுத்தத்தை உணராத, ரப்பர் முனை கொண்ட மலிவுப் பேனாவில் எல்லாக் கோடும் ஒரே தடிமனில் விழும். அதில் பழகிய கை பிறகு தூரிகைக்குத் திரும்பும்போது திணறுகிறது. வாங்கப்போகும் டேப்லெட்டுக்கு அழுத்தம் உணரும் பேனா உண்டா, உள்ளங்கையைத் திரையில் ஊன்றினால் கோடு விழாமல் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே வரைந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தொழில் செய்யும் நண்பர்களுக்கு ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். திரையில் மாற்றுவது எளிது என்று தெரிந்ததும் வாடிக்கையாளரின் ஆசைக்கு அளவில்லாமல் போகிறது. ஒரு மண்டபத்துக்காரர், “டேப்லெட்டுலதானே சார், வானத்தைக் கொஞ்சம் ரோஸ் ஆக்குங்க, அதுக்கு என்ன காசு?” என்று கேட்டுக் கேட்டே ஒரு மாதத்தை ஓட்டினார். அதற்குப் பிறகு, மூன்று வரைவுகள் காட்டுவேன், ஒன்றைத் தேர்ந்த பிறகு இரண்டு திருத்தம் வரை செய்வேன், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். சுவர் வேலைக்குக் கூலி இருப்பதைப் போலத் திட்டத்துக்கும் கூலி உண்டு என்பதை நாமே கேட்காவிட்டால் யாரும் தரப்போவதில்லை.

டேப்லெட்டைச் சாரத்தின் மேல் ஏற்ற வேண்டாம். சித்திரை வெயிலில் அது சூடேறித் திரை மங்கிவிடும், பெயின்ட் கையால் தொடவும் முடியாது. கட்டங்களுக்கு எண் போட்டு, ஏ4 தாளில் அச்சிட்டு, லேமினேட் செய்து சாரத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதும். சுவரில் நின்றபடி ஏதாவது கோட்டை மாற்ற நேர்ந்தால், அந்தத் தாளிலேயே மார்க்கரால் குறித்துக்கொண்டு வந்து இரவில் கோப்பிலும் மாற்றிவிடுகிறேன். பிற்பாடு வெளுத்த இடத்துக்கு மறுபூச்சுக் கொடுக்க அழைக்கும்போது, கோப்பில் இருப்பதும் சுவரில் இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் வேலை ஓடும்.