விதி ஆள் பார்க்குமா?

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் படங்கள் தாறுமாறாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "நான் பிரிச்சு வெச்சுத் தரேன் மாமா" என்று உட்கார்ந்தான். காமெடி, சண்டை, பேய், சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்று நாலு ஃபோல்டர். அரை மணி நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஆரம்பித்தது.

"மாமா, 2.0 பேய்ப் படம்தானே?"

"அதுல ரோபோ வருதேடா."

"ரோபோ வந்தா என்ன? தூக்குல தொங்கிச் செத்தவர் ஆவியா வர்றார். தனக்குக் கெடுதல் பண்ணவங்களைத் தேடித் தேடிக் கொல்றார். காஞ்சனாவும் அதைத்தானே பண்ணுச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. பையன் சொன்னது சரி. அந்தப் படத்தில் ஆவிக்கு 'ஆரா' என்று பெயர், ஆத்திரத்துக்கு 'நெகட்டிவ் எனர்ஜி' என்று பெயர், மந்திரவாதி இருக்க வேண்டிய இடத்தில் விஞ்ஞானி. செல்போன்கள் எல்லாம் பறந்து போய் ராட்சதப் பறவையாகத் திரளும் காட்சியை இன்றைக்குப் போட்டாலும் வாய் பிளந்து பார்ப்பேன், அது வேறு விஷயம். எந்த ஃபோல்டர் என்பதுதான் கேள்வி.

"இரு, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். யோசித்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும் பொருட்களின் பட்டியல்தான் வரும். ராக்கெட், ரோபோ, வேற்றுக்கிரகவாசி, எதிர்காலம், நீல வெளிச்சம். (நம் போஸ்டர் டிசைனர்களுக்கு விஞ்ஞானம் என்றாலே நீலம்தான்.) இந்தப் பட்டியல் எங்கே உதைக்கிறது என்றால், 1963இல் வந்த 'கலை அரசி'யை எடுத்துக்கொள்ளுங்கள். வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள். அவர்கள் கிரகத்தில் இசை இல்லையாம், அதனால் பூமியிலிருந்து நன்றாகப் பாடுகிற பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எம்.ஜி.ஆர். போய் மீட்கிறார். அந்தக் காலத்துத் தமிழ் சினிமாவில் இப்படி ஒரு கற்பனை வந்ததே பெரிய விஷயம், கேலி செய்ய மாட்டேன். ஆனால் விண்கலத்தைப் பறக்கும் கம்பளமாக்கி, கிரகத்தை ஏழு கடல் தாண்டிய தீவாக்கினால் கதையில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

இதற்கு நேர் எதிர், 1997இல் வந்த 'கட்டாக்கா'. விண்வெளிப் பயணத்துக்கு ஆள் எடுக்கும் கதைதான், ஆனால் விண்வெளியை நாம் பார்ப்பதே அபூர்வம். லேசர் இல்லை, ரோபோ இல்லை. கோட் சூட் போட்ட ஆட்கள் அலுவலகத்துக்குப் போய் வருகிறார்கள். பிறக்கும் முன்பே மரபணுவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உலகம் அது. அப்படித் தேர்ந்தெடுக்காமல் பிறந்த நாயகனுக்குத் துடைப்பம்தான் கிடைக்கும், ராக்கெட் கிடைக்காது. அதனால் இன்னொருவனின் ரத்தத்தையும் சிறுநீரையும் கடன் வாங்கி அவனாகவே நடிக்கிறான். தினமும் காலையில் உடம்பைத் தேய்தேய் என்று தேய்த்து, உதிரக்கூடிய தோலையும் முடியையும் எடுத்து எரித்துவிடுகிறான். அலுவலகத்தில் தன் கீபோர்டை ஒரு குட்டி வேக்யூமால் சுத்தம் செய்துவிட்டு, மற்றவனின் தோல் துகள்களை அதில் தூவிவிட்டு எழுந்து போகிறான். விரல் நுனியில் ஒட்டிய பொய்த்தோலுக்குள் மற்றவனின் ரத்தம். இந்தப் படத்தில் மரபணுச் சோதனையை எடுத்துவிட்டுச் சாபத்தை வைத்துப் பாருங்கள். கதை அப்படியே சரிந்துவிடும். ஏன் என்று கடைசியில் வருகிறேன்.

வகை பிரிப்பதில் அடிப்படையிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. தொப்பி, குதிரை, புழுதி என்று ஒரு ஃப்ரேமை நிறுத்திக் காட்டினால் வெஸ்டர்ன் என்று சொல்லிவிடலாம். அது இடத்தையும் காலத்தையும் வைத்து வந்த பெயர். பேய்ப் படமும் காமெடியும் பார்க்கிறவனுக்கு என்ன ஆகிறது என்பதை வைத்து வந்த பெயர்கள். சயின்ஸ் ஃபிக்‌ஷன் இந்த இரண்டிலும் சேராது. திரைப்பட ஆய்வாளர் விவியன் சொப்சாக் இதைத்தான் பிடித்தார். விண்கலத்துக்கு என்று நிலையான அர்த்தம் எதுவும் கிடையாது, ஒரு படத்தில் அது அடைக்கலம், இன்னொன்றில் பொறி. விண்கலத்துக்குள் ஒரு ஜந்து புகுந்து ஆட்களைக் கொல்லும் 'ஏலியன்' பயமுறுத்தும் படமா, சயின்ஸ் ஃபிக்‌ஷனா என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எந்த ஊர் என்று கேட்டால் ஒரு பதில், என்ன வேலை என்று கேட்டால் இன்னொரு பதில். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கக் கூடாதா?

பெயரே பிந்தி வந்ததுதான். ஜார்ஜ் மெலியே நிலாவின் கண்ணில் குண்டைச் செருகிய படம் 1902இல் வந்தது. ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேசிங் ஸ்டோரிஸ்' பத்திரிகையை ஆரம்பித்து, 'சயன்டிஃபிக்‌ஷன்' என்று வாயில் நுழையாத பெயரில் இந்த வகையை விற்றது அதற்கு 24 வருடம் கழித்து. அடிப்படையில் மேஜிக் நிபுணரான மெலியே, தான் சயின்ஸ் ஃபிக்‌ஷன் எடுப்பதாக நினைத்திருக்கவே வழியில்லை.

அடுத்து, 'விஞ்ஞானம் சரியாக இருக்கணும்' கட்சி. விண்வெளியில் சத்தம் கேட்குமா, குண்டு வெடித்தால் நெருப்பு வருமா என்று பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்ப்பவர்கள். நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். இப்போது இல்லை. விஞ்ஞானம் சரியாக இருப்பதுதான் அளவுகோல் என்றால், 1970இல் நிஜமாகவே நடந்ததை 1995இல் படமாக்கிய 'அப்பல்லோ 13'தான் முதல் இடத்தில் நிற்க வேண்டும். அது வரலாற்றுப் படம். தவறு இருப்பதும் தடையில்லை. ஜெர்மன் இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் 1929இல் எடுத்த நிலவுப் படத்துக்கு ராக்கெட் மேதை ஹெர்மன் ஓபர்த் ஆலோசகர். ஆனாலும் அந்த நிலவில் மனிதர்கள் சாதாரணமாக மூச்சு விடுகிறார்கள். அதே படத்தில் ராக்கெட் கிளம்பும் முன் எண்களைப் பின்னோக்கி எண்ணுவார்கள், படபடப்புக்காக லாங் வைத்தது. பின்னால் நிஜ ராக்கெட்டுக்காரர்களே அப்படி எண்ண ஆரம்பித்தார்கள். தப்பும் சரியும் ஒரே படத்தில் இருந்தும் அது சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

சரி, அப்போது எதை வைத்துத்தான் பிரிப்பது?

எனக்கு வழி காட்டியது இரண்டு படங்கள். 1993இல் வந்த 'கிரவுண்ட்ஹாக் டே', 2014இல் வந்த 'எட்ஜ் ஆஃப் டுமாரோ'. இரண்டிலும் நாயகனுக்கு ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிகிறது. முதல் படத்தை யாரும் சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்பதில்லை, இரண்டாவதை யாரும் மறுப்பதில்லை. அதில் காரணம் சொல்லவில்லை, இதில் சொல்கிறார்கள் என்பீர்கள். அது பாதிப் பதில். 'கிரவுண்ட்ஹாக் டே'யின் திரைக்கதையில் ஒரு கட்டத்தில் பழைய காதலி வைத்த சாபம் என்று காரணம் இருந்து, பிறகு தூக்கிவிட்டார்கள். அதை வைத்திருந்தாலும் படம் அதே ஃபோல்டரில்தான் இருந்திருக்கும்.

அந்த நாள் ஏன் முடிகிறது என்று பாருங்கள். 'கிரவுண்ட்ஹாக் டே' நாயகன் சிடுமூஞ்சி, சுயநலக்காரன். மருத்துவரிடம் போகிறான், எக்ஸ்ரே எடுக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் அவன் நல்லவனாக மாறுகிறான், மறுநாள் விடிகிறது. அதாவது காலத்துக்கு அவன் யார் என்று தெரிந்திருக்கிறது, காத்திருந்து திருத்துகிறது. மற்ற படத்தின் நாயகனோ கோழை. போர்க்களத்தில் தற்செயலாக ஒரு வேற்றுக்கிரக ஜந்துவின் ரத்தம் அவன் மேல் தெறிக்கிறது, அந்தச் சக்தி ஒட்டிக்கொள்கிறது. தகுதியெல்லாம் கிடையாது. அவனுக்கு முன்னால் அந்தச் சக்தி இருந்தவளுக்கு வேறு ரத்தம் ஏற்றியதும் போய்விட்டது. அவள் எவ்வளவு பெரிய வீராங்கனை என்பதை ரத்தம் விசாரிக்கவில்லை.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 'விதி' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். தலைவிதியும் விதி, நியூட்டன் சொன்னதும் விதி. தலைவிதி ஆள் பார்க்கும். நீ யார் மகன், என்ன பாவம் செய்தாய், மனசு சுத்தமா என்று கேட்கும். நியூட்டன் விதி கேட்காது. மாடியிலிருந்து நல்லவன் விழுந்தாலும் கெட்டவன் விழுந்தாலும் ஒரே வேகம்தான். என் கணக்கில் நம் உலகத்தில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதற்கு ஆள் பார்க்காத ஒரு விதியையும் கொடுக்கிற படம்தான் சயின்ஸ் ஃபிக்‌ஷன். விதி ஆள் பார்க்க ஆரம்பித்தால், எத்தனை ஸ்க்ரூ நட்டு மாட்டினாலும் அது விட்டலாச்சாரியாவின் மாயாஜாலப் படம். (திட்டுவதாக நினைக்காதீர்கள். எனக்கு விட்டலாச்சாரியா உயிர்.)

இதை வைத்துக்கொண்டு ஹார்ட் டிஸ்க்கைத் திரும்பப் பார்த்தேன். 'ஸ்டார் வார்ஸ்' உடனே வெளியே போனது. 1977இல் வந்த முதல் படத்தின் உச்சக் காட்சி நினைவிருக்கிறதா? குறி பார்க்கும் கம்ப்யூட்டரை நாயகன் அணைத்துவிடுகிறான். கண்ணுக்குத் தெரியாத சக்தியை நம்பிக் குண்டைப் போடுகிறான், படுகிறது. இயந்திரத்தை அணைத்தால்தான் ஜெயிக்க முடியும் என்கிற படம் அது. அது மந்திரக் கதை, அழகான மந்திரக் கதை. 1999இல் வந்த பாகத்தில் அந்தச் சக்தியை ரத்தத்தில் அளந்து எண்ணிக்கை சொல்லும் நுண்ணுயிர் என்று ஏதோ விளக்கப் பார்த்தார்கள். ரசிகர்களே கொதித்துப் போனார்கள், நியாயம்தான்.

'எந்திரன்' தேறியது, அதுவும் ஒரே ஒரு காட்சியால். தீ விபத்தில் சிக்கியவர்களைச் சிட்டி ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே, உடம்பில் துணியில்லாமல், கூட்டத்துக்கும் கேமராக்களுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவமானம் தாங்காமல் அவள் ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காப்பாற்று என்பது விதி. அதில் வெட்கம் என்ற வரி எழுதப்படவில்லை. மொத்தப் படத்திலும் எனக்கு இந்த இரண்டு நிமிடம்தான் தூக்கம் கெடுத்தது. அப்புறம் இடி மின்னல் தாக்கிச் சிட்டிக்கு உணர்ச்சி வந்ததும் படம் நைசாகப் பக்கத்து ஃபோல்டருக்கு நழுவுகிறது. 'இன்று நேற்று நாளை' காமெடிப் படம் என்றாலும் தேறும். டைம் மெஷினை வைத்துச் சில்லறை பார்க்கும் இரண்டு பேர், கடந்த காலத்தில் கைவைத்ததும் செத்துப்போயிருக்க வேண்டிய ரவுடி உயிரோடு நிற்கிறான்.

காலப்பயணத்தில் நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவது 2004இல் வந்த 'ப்ரைமர்'. செலவு வெறும் 7,000 டாலர். கராஜில் இரண்டு பொறியாளர்கள் ஒரு பெட்டி செய்கிறார்கள். ஆறு மணி நேரம் பின்னால் போக வேண்டுமா? ஆறு மணி நேரம் அந்தப் பெட்டிக்குள் படுத்துக் கிட. அவ்வளவுதான் விதி. ஒளிப்பிழம்பு, சுழல் எதுவும் இல்லை. அந்த ஆறு மணி நேரம் வெளியே இன்னொரு 'நான்' நடமாடுவதால், அவனைக் கெடுத்துவிடாமல் ஹோட்டல் அறையில் ஒளிந்து கிடக்கிறார்கள். கொஞ்ச நாளில் காதில் ரத்தம் வருகிறது, கையெழுத்து கோணுகிறது. பெட்டிக்கு இவர்கள் மேல் எந்தக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. படம் முழுசாகப் புரிந்தது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை, எனக்கே நாலு தடவை ஆகியும் முக்கால்வாசிதான்.

'இன்டர்ஸ்டெல்லார்' ரசிகர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். கருந்துளைக்குப் பக்கத்தில் ஒரு கிரகம், அங்கே ஒரு மணி நேரம் என்றால் பூமியில் ஏழு வருடம். நாயகன் கிளம்பி வருவதற்குள் 23 வருடம் போய்விட்டது. திரை முன்னால் உட்கார்ந்து, தேங்கிக் கிடந்த செய்திகளைப் பார்க்கிறான். மகன் வளர்கிறான், கல்யாணம் செய்கிறான், பேரனைக் காட்டுகிறான், அப்புறம் நம்பிக்கை இழக்கிறான். மகள் தகப்பனின் வயதுக்கே வந்துவிட்டாள். ஈர்ப்பு விசைக்கு அப்பா மகள் பாசமெல்லாம் தெரியாது, அதனால்தான் அந்த இடத்தில் நமக்குத் தொண்டை அடைக்கிறது. அதே படம் கடைசியில் அன்புதான் காலத்தையும் வெளியையும் தாண்டி வழிகாட்டும் என்று புத்தக அலமாரிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியபோது எனக்குக் கோபம் வந்தது. அதுவரை ஆள் பார்க்காமல் இருந்த விதி, மகள் அறையை மட்டும் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. கருந்துளைக்குச் சமன்பாடு கொடுத்த கிப் தோர்ன் 2017இல் நோபல் வாங்கியவர். அலமாரிக்கு யார் கொடுத்தார்களோ.

இப்போது 'கட்டாக்கா'வுக்கு வருகிறேன். அங்கே சாபம் ஏன் வேலை செய்யாது? சாபம் ஆளைத் தெரிந்து வைத்திருக்கும், கடன் வாங்கிய ரத்தத்தால் அதை ஏமாற்ற முடியாது. மரபணுச் சோதனைக்கு ரத்தம் மட்டும்தான் தெரியும். எந்தக் குருட்டுத்தனம் நாயகனை ஒதுக்கியதோ, அதே குருட்டுத்தனத்தின் வழியாகத்தான் அவன் உள்ளே நுழைகிறான்.

இவ்வளவும் யோசித்து முடித்த திமிரில் பையனைக் கூப்பிட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். "அப்ப ஸ்டாக்கர்?" என்றான்.

ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி 1979இல் எடுத்தது. தடை செய்யப்பட்ட பகுதி, அதன் நடுவில் ஒரு அறை. உள்ளே போகிறவனின் அடிமன ஆசை நிறைவேறும். செத்த சகோதரனை மீட்கக் கேட்டுப் போனவனுக்குப் பணம் கொட்டியது, ஏனென்றால் அடிமனதில் இருந்தது அதுதான். அவன் தூக்குப் போட்டுக்கொண்டான். அந்த அறை ஆள் பார்ப்பது போல எந்தத் தெய்வமும் பார்க்காது. என் கணக்குப்படி சந்தேகமே இல்லாமல் மாயாஜாலம். ஆனால் பார்க்கும்போது ஒரு நிமிடம்கூட எனக்கு அப்படித் தோன்றியதில்லை. இத்தனைக்கும் படத்தில் விசித்திரமான கருவி எதுவும் கிடையாது. கண்ணில் படுவது பெரும்பாலும் புல்லும் தண்ணீரும் துருவும்தான். கதையில் வரும் மூவரும் அறை வாசல் வரை போய் உட்கார்ந்துவிடுகிறார்கள், யாரும் உள்ளே போவதில்லை. அதனால் அறை நிஜமாகவே ஆள் பார்க்கிறதா, அதெல்லாம் வெறும் கதையா என்பதே நமக்குத் தெரியாது. இதைச் சொல்லிச் சமாளித்தேன். "சமாளிக்கிறீங்க மாமா" என்றான்.

அவன் ஊருக்குப் போன பிறகு ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். 2.0 பேய் ஃபோல்டரில், காஞ்சனாவுக்குப் பக்கத்தில். 'மாயாஜாலம்' என்று புதிதாக ஒன்று, அதில் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையாக. கடைசியில் 'மாமாவுக்கே தெரியாது' என்று இன்னொரு ஃபோல்டர். உள்ளே ஒரே ஒரு படம்.