‘வரவில்லை’யைப் பிரித்துக் காட்டுங்கள்

இலக்கண விதிகளை மனப்பாடம் செய்தாலே ஆங்கிலம் வந்துவிடும் என்கிறது ஆங்கிலம் கற்பிப்பது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. வராது சார். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளில் அடிக்கடி கண்ணில் படுவது ‘பஸ் டிட் நாட் கேம்’ (did not came). நேற்று நடந்ததாச்சே என்று பிள்ளை வினையையும் இறந்தகாலமாக்கிவிடுகிறது. காலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமக்கிறது. இதற்குத் தமிழிலேயே நல்ல பிடி இருக்கிறது: வரவில்லை = வர + இல்லை. பேச்சில் யாரும் ‘வந்தான் இல்லை’ என்பதில்லையே! அதுபோல ‘டிட் நாட்’டுக்குப் பின் வெறும் ‘கம்’ (come) தான். கரும்பலகையில் இரண்டையும் மேலும் கீழுமாக எழுதி, போ, பார், எழுது, சாப்பிடு என 4 வினைகளை மாற்றிப் போடச் சொல்லுங்கள். ‘டிட் ஹி கம்?’ என்ற கேள்விக்கும் இதே கணக்கு. ‘டிட்’ இல்லாத இடத்தில் ‘கேம்’ திரும்பி வரும். இதையும் அதே பீரியடில் காட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ‘யெஸ்டர்டே ஹி கம்’ என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள்.