குளிக்கத் தடை என்றதும் கோபப்படுவதற்கு முன்

சாரல் காலம் வந்துவிட்டால் தென்காசிப் பக்கத்துச் சாலைகள் எல்லாம் குற்றாலத்தை நோக்கியே ஓடுவது போலத் தோன்றும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இதுதான் நிலை. அந்த நாட்களில் ‘பேரருவியில் குளிக்கத் தடை’ என்ற செய்தி வரும்போதெல்லாம், இரவு முழுவதும் பயணம் செய்து, குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்து வந்தவர்கள் தடுப்பின் முன்னே நின்று பணியில் இருக்கும் காவலரிடம் சண்டை போடுவதைப் பார்க்கிறேன். “வெயில் அடிக்கிறது, தண்ணீரும் அளவாகத்தானே விழுகிறது, எதற்காகத் தடுக்கிறீர்கள்?” என்பதே பெரும்பாலும் அவர்களுடைய கேள்வி. தடை சரியானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒருவரும் பொறுமையாகப் பதில் சொல்லாமல் விடுவது சரியில்லை.

பதில் மலைக்கு மேலே இருக்கிறது. அருவிக்கரையில் நிற்பவருக்குத் தெரிவது கடைசிப் பாறை மட்டுமே. சிற்றாறு அதற்கும் மேலே அடர்ந்த காட்டுக்குள் பிறந்து, தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் விழுந்து, பிறகுதான் பேரருவிக்கு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தச் சரிவுகள் செங்குத்தானவை. மழைநீர் தேங்கி நிற்பதற்குச் சமவெளி கிடையாது. ஆகவே உச்சியில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த மழை, அடிவாரத்தில் ஒரு தூறல்கூட விழாத நிலையிலும், சிறிது நேரத்தில் வெள்ளமாக வந்து இறங்கிவிடும். கீழே அடிக்கும் வெயிலை வைத்து மேலே என்ன நடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்தது இதுதான். சாரல் காலம் தொடங்கவே இல்லை. கோடை மழைதான் பெய்துகொண்டிருந்தது. அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோதே திடீர் வெள்ளம் வந்தது. படிக்கட்டுகளில் தண்ணீர் பாய, கம்பிகளையும் ஒருவர் கையை ஒருவரும் பிடித்துக்கொண்டு மக்கள் ஓடிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அந்த வயதில் பிள்ளை இருக்கும் எவரும் அந்தச் செய்தியை எளிதாகக் கடந்துபோக முடியாது.

உள்ளூரில் பிறந்து வளர்ந்தவர்கள் தண்ணீரைப் பார்த்தே எச்சரிக்கையாகிவிடுவார்கள். முதலில் நிறம் மாறும். கண்ணாடி போல வந்துகொண்டிருந்த தண்ணீர் லேசாகக் கலங்கி, பிறகு செம்மண் நிறத்துக்கு வரும். கூடவே சருகுகளும் சுள்ளிகளும் வந்து விழத் தொடங்கும். சத்தமும் கனத்துவிடும். பேரருவியில் இன்னொரு தெளிவான அளவுகோல் உண்டு. குளிக்கும் இடத்தில் கட்டப்பட்டிருக்கும் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது. ‘ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது’ என்று ஊர்க்காரர்கள் சொல்வதன் பொருள் இதுதான். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பையும் துண்டையும் தேடிக்கொண்டு நிற்காமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேடான இடத்துக்குப் போய்விட வேண்டும். கைப்பேசியில் படம் எடுப்பதற்கு அது நேரமில்லை.

மேலே காடு நன்றாக இருந்தால்தான் கீழே அருவி அருவியாக இருக்கும். மழைக்காட்டின் மண் பஞ்சைப் போல நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் மெல்ல மெல்ல விடுகிறது. காடு அழிந்த மலையில் மழைக்காலத்தில் வெள்ளமும் மற்ற மாதங்களில் வெறும் பாறையும்தான் மிஞ்சும். இதில் சுற்றுலாவுக்கு வரும் நமக்கும் பங்கு உண்டு. இயற்கையான நீரோட்டத்தை மறித்துச் செயற்கை அருவிகளை உருவாக்கிய தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. தனக்கென்று ஓர் அருவி வேண்டும் என்று பணம் கொடுக்கக்கூடியவர்கள் வருவதால்தான் அப்படிப்பட்ட விடுதிகள் முளைக்கின்றன. அத்தகைய இடத்தில் அறை எடுக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

தடையை மதிக்க வேண்டும் என்ற இதே நியாயம் மலையேற்றத்துக்கும் பொருந்தும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல்வெளியில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனியாக விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையவழியாக முன்பதிவு செய்யலாம். மலைவாழ் மக்களும் காட்டை ஒட்டிய ஊர்க்காரர்களும் வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். இதை நான் மனதார வரவேற்கிறேன். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவதையும் வரவேற்கிறேன்.

வழிகாட்டி எதற்கு, கைப்பேசியில் வரைபடம் இருக்கிறதே என்று கேட்கும் இளைஞர்கள், அந்த வழிகாட்டிகளோடு ஒரு முறையேனும் நடந்து பார்க்க வேண்டும். ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவர் சட்டென்று நின்று கையை உயர்த்துவார். தரையில் யானைச் சாணம் கிடக்கும். அதில் ஈரம் இருக்கிறதா, ஆவி வருகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் எல்லோரையும் திருப்பி வேறு வழியில் அழைத்துச் செல்வார். எந்தப் பாறையில் பாசி வழுக்கும், எந்த ஓடையை மதியத்துக்கு மேல் கடக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பதுதான் மரியாதை.

அரசிடம் நான் எதிர்பார்ப்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. மக்கள் குளிக்கும் ஒவ்வோர் அருவிக்கும் மேலே, நீர்வரும் வழியில் மழைமானியும் நீர்மட்டம் காட்டும் கருவியும் இருக்க வேண்டும். அவற்றோடு இணைந்த அபாயச் சங்கு கீழே ஒலிக்க வேண்டும். தடுப்பில் ‘குளிக்கத் தடை’ என்று மட்டும் எழுதி வைக்காமல், மலையில் எவ்வளவு மழை பெய்திருக்கிறது, அடுத்து எப்போது நிலைமையைப் பார்த்து முடிவு சொல்வார்கள் என்பதையும் எழுதி வைக்கலாம். அதே தகவலைத் தென்காசி ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் காலையிலேயே ஒரு பலகையில் போட்டுவிட்டால், வந்தவர்கள் அருவிக்கரையில் காவலரோடு வாதாடிக்கொண்டிருக்காமல், கோயிலுக்கோ வேறு இடத்துக்கோ போய்விட்டுத் தண்ணீர் தணிந்த பிறகு வருவார்கள்.